சிறுவாட்டுக் காசு

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது எங்கள் சித்திக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு துணிமுடிச்சை எடுத்துச் சித்தப்பா முன்னால் வைத்தார். இருபத்து மூவாயிரம் ரூபாய். "ஏங்க, இதை மாத்திக் குடுங்க" என்றார். சித்தப்பா நல்ல மனிதர். குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. "எனக்குத் தெரியாம எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். சித்தியிடம் பதில் இல்லை. பணம் சித்தப்பாவின் கணக்கில் ஏறியது; அடுத்த மாதம் கிணற்று மோட்டார் பழுதுக்குப் போனது.

அன்று தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இப்படி முடிச்சு அவிழ்ந்ததோ! மளிகைக் காசில் மிச்சம் பிடித்தது, முட்டை விற்றது, பிறந்த வீட்டுக்குப் போனபோது அம்மா கையில் திணித்தது என்று சேர்வதுதான் சிறுவாடு. மனைவி ஒளித்து வைக்கும் பணத்துக்கு இப்படி ஒரு பெயர் உண்டு. கணவன் தன் செலவுக்கென்று எடுத்து வைப்பதற்குத் தனிப்பெயர் இருப்பதாக நான் கேட்டதில்லை. அவருக்கு ஒளிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

"கேட்டா குடுத்துடுவாரு" என்று பெண்கள் பெருமையாகவே சொல்வார்கள். கேட்க வேண்டியிருப்பதுதான் துயரம். தங்கை வளைகாப்புக்குப் புடவை, தனக்கு ஒரு மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி, முகம் பார்த்து, நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். சித்தப்பாவின் கேள்விக்குச் சித்தி சொல்லாத பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

சம்பாதிக்கும் பெண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதும் உண்மையல்ல. ஆசிரியையின் ஏடிஎம் கார்டு கணவரின் பர்ஸில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். "அவருக்குத்தான் கணக்கு வழக்கு தெரியும்" என்பார்கள். பதினைந்தாயிரத்தில் ஐந்து பேரின் மாதத்தை நகர்த்துபவருக்கா கணக்கு தெரியாது? எந்த எண்ணெய் வாங்குவது என்பது அவர் முடிவு. எந்த மனை வாங்குவது என்பது ஆண்கள் திண்ணையில் பேசி முடிப்பது. மனைக்கு முன்பணம் குறைந்தால் அவர் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகும். பத்திரம் கணவர் பெயரில் பதிவாகும்.

2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு இந்த இடைவெளியை அளந்து காட்டுகிறது. இந்தியப் பெண்களில் ஏறக்குறைய 79 சதவீதம் பேருக்குத் தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு இருக்கிறது. தாங்களே முடிவெடுத்துச் செலவழிக்கப் பணம் இருப்பதாகச் சொன்னவர்களோ 51 சதவீதம் பேர்தான். பாஸ்புக் கைக்கு வந்துவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை.

அப்பா வழிக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வாழ்ந்து ஈட்டிய சொத்தில் மனைவிக்குப் பங்கு என்று சொல்லும் சட்டம் இன்றும் இங்கே இல்லை. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி ஊரில் குடும்பத்தைத் தாங்கிய ஒரு வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டு வேலையும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்புதான் என்று ஏற்று, சில சொத்துகளில் அந்த மனைவிக்குப் பாதி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். அந்தப் பாதியைப் பெற ஒரு பெண் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. எல்லாப் பெண்களாலும் அது முடியுமா?

அதே ஆண்டு செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு வழங்கத் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தமிழ்நாடு அரசு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. உதவித் தொகை என்று வைக்காததை நான் மதிக்கிறேன். அரசு ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்த அந்தச் சொல்லை நாம் நம் வீட்டுச் சம்பளத்துக்குக் கொடுக்கலாம்.

இதைப் படிக்கும் கணவர்களிடம் கேட்கிறேன். இந்த மாதம் சம்பளம் வந்ததும் வரவு, கடன், சேமிப்பு எல்லாவற்றையும் மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். செலவு போக மிஞ்சுவதில் பாதியை அவர் கணக்கில் போடுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள்.