எண்ணெயில் கரையாத உப்பு

எங்கப்பா ஆயுதப்படைப் போலீஸ்காரர். .303 ரைபிள் பற்றிச் சொல்வார்: "சுட்ட குழாய்க்கு வெறும் எண்ணெய் போட்டா உள்ளுக்குள்ள துருவேறிடும். முதல்ல கொதிதண்ணி ஊத்தணும்."

காரணம் உண்டு. பழைய தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது உப்பாகிக் குழாயில் படியும். ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதன்பிறகே கயிற்றில் துணி கோத்து, பின்பக்கம் விட்டு முன்வாய் வழியே இழுப்பார்கள், கடைசியில்தான் எண்ணெய்.

2011 செப்டம்பர் 11, பரமக்குடி. போலீஸ் சுட்டதில் நம்ம சனம் செத்து விழுந்தது. அந்தத் துப்பாக்கிகளையும் யாரோ துடைத்திருப்பார்கள். அதில் நம்ம ஆளும் இருந்திருக்கலாம். ஊர் அழுக்கை அள்ள நம்மை வைத்த சாதி, கொலைக் கறையைத் துடைக்கவும் நம்மையே தேடும். உத்தரவு போட்டவன் கையில் கரி படாது.

"நீங்க துடைச்சிருக்கீங்களாப்பா?"

"நான் சுடல. துடைக்கத்தான் செஞ்சேன்."

இது போதுமா? வயிற்றுப்பாட்டுக்குக் காக்கி போட்டவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் எந்தக் குழாய் சுட்டது என்று துடைத்தவனுக்குத் தெரியும். அதைச் சொல்லாதவரை அவன் கையிலும் உப்பு ஒட்டியிருக்கிறது. நிவாரணப் பணம் எண்ணெய்தான். யார் சுடச் சொன்னது என்ற கேள்வியே கொதிதண்ணீர்.