விரல் இருக்கிறது, ஆள்?

பக்கவாதத்தில் விழுந்த சித்தப்பாவுக்கு நினைவு திரும்பவில்லை. வங்கியில் அவர் பணம் இருந்தது. சித்தி எடுக்க முடியாது. "பவர் எழுதி வச்சிருக்காரே" என்றார்கள். எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் பவர் முடிந்துபோகும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். எந்த நாளுக்காக எழுதினாரோ அந்த நாளில் அது உதவாது.

உறவுக்காரர் ஒருவர் வேறு வழி சொன்னார். "மை டப்பா போதும். விரல் இருக்குல்ல?"

இப்படி நடக்காத ஊர் உண்டா? சட்டத்தில் உள்ள இடைவெளியும் இந்தக் குறுக்கு வழி ஆசையைத் தூண்டுகிறது. சிறுவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க 1890-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பெரியவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழு காப்பாளரை நியமிக்கும். கோமாவில் கிடப்பவருக்கென்று தனிச் சட்டமில்லை. உயர்நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும். 2019-இல் கேரள உயர்நீதிமன்றம் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது: மருத்துவக் குழு சோதிக்க வேண்டும், தாசில்தார் நிலைக்குக் குறையாத அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும், காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு மனைவியைக் காப்பாளராக்கி, கணவரின் சொத்தை விற்க அனுமதித்தது. விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரிலேயே வைப்புநிதியில் போடச் சொன்னது.

"இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவகிட்ட கணக்குக் கேக்குறாங்களே" என்று சித்திக்கு ஆற்றாமை. நியாயம்தான். ஆனாலும் நான் நீதிமன்றத்தின் பக்கம். மை தொட்டு வைக்கிற விரலுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. மனு போட்டால், உறவில்லாத ஒருவராவது கட்டிலருகே வந்து நிற்கிறார். அன்புள்ள குடும்பத்துக்கு அது அவமானம். அன்பில்லாத குடும்பத்தில் கிடப்பவருக்கு அது ஒன்றுதான் காவல். எது எந்த வீடு என்று வாசலில் எழுதியிருப்பதில்லையே.

சித்தியின் மனுவுக்கு உத்தரவு வந்ததும் வேறு சிக்கல். எதை விற்பது? வாய்க்கால் கரை வயலுக்கு நல்ல விலை. மகன் அதைத்தான் சொன்னான். கணக்குப்படி அவன் சொன்னதே சரி. சித்தி ஒப்பவில்லை. "அவர் முதல் சம்பாத்தியத்துல வாங்கினது. பேச முடிஞ்சா வேண்டாம்னுதான் சொல்லுவார்." பைபாஸ் பக்கத்து மனைதான் குறைந்த விலைக்குப் போனது. மகனுக்கு இன்றைக்கும் வருத்தம் தீரவில்லை.