மாத்திரைக் காசில் எழுந்த கல்லூரி

லண்டனுக்கு மேற்கே எகம் என்ற ஊரில் அரண்மனை போன்ற ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. பெண்கள் உயர்கல்வி பெறுவதற்கென்றே கட்டப்பட்ட கல்லூரி அது. 1886 ஜூன் 30 அன்று விக்டோரியா அரசி நேரில் வந்து திறந்துவைத்தார். ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் தந்தது 1920இல், கேம்பிரிட்ஜ் 1948இல். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கல்லூரி என்ன பொருள் கொண்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பணம் கொடுத்தவர் தாமஸ் ஹாலோவே. அந்தப் பணம் மாத்திரையிலும் களிம்பிலும் வந்தது.

1837இல் களிம்பு விற்கத் தொடங்கிய ஹாலோவே, விரைவிலேயே மாத்திரையும் விற்றார். காய்ச்சல், காமாலை, ஆஸ்துமா, மூலம், கீல்வாதம், வலிப்பு, கட்டி, குடற்புழு என்று அவருடைய விளம்பரங்களில் நோய்ப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மாத்திரையில் முக்கியமாக இருந்தது மூசாம்பரம். கற்றாழைப் பாலைக் காயவைத்து எடுக்கும் அதை நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் வாங்கலாம். பேதியாகும், அவ்வளவுதான். 1842இல் விளம்பரத்துக்கு மட்டும் 5,000 பவுண்டு செலவழித்தவர், 1883இல் சாகும்போது ஆண்டுக்கு 50,000 பவுண்டு செலவழித்துக்கொண்டிருந்தார். பேரரசின் கப்பல் போன இடமெல்லாம் மாத்திரையும் போனது. இந்தியாவுக்கும் வந்தது. இங்கிலாந்தில் இத்தகைய மருந்துகளின் மேல் ஒட்டப்பட்ட அரசு முத்திரை, வரி கட்டியதற்கான அடையாளம் மட்டுமே. வாங்கியவர்களில் பலர் அதை அரசு தந்த உத்தரவாதம் என்று நம்பினார்கள். அரசுக்கு வருமானம் வந்தது. அந்த நம்பிக்கையைத் திருத்த அது அவசரப்படவில்லை.

நோய்ப் பட்டியலில் ‘பெண்களின் ஒழுங்கின்மைகள்’ என்று ஒரு வரியும் உண்டு. மாதவிடாய்க் கோளாறு முதல் வேண்டாத கரு வரை எதை வேண்டுமானாலும் அதற்குள் வைத்துப் படிக்கலாம். கருக்கலைப்புக்கு 1861ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுள் தண்டனை வரை விதித்தது. மருத்துவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். சென்னை மருத்துவக் கல்லூரியே 1875இல்தான் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களை முதன்முதலாகச் சேர்த்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய்க்கு, யாரிடமும் சொல்லாமல் வாங்கக்கூடிய மருந்தைப் பெண்கள் தேடியதில் அறியாமை எங்கே இருக்கிறது? அவர்களுக்கு எட்டிய ஒரே கதவு அது.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன காத்திருந்தது என்பதை 1898இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. கிரைம்ஸ் சகோதரர்கள் மூவர் பெண்களுக்கான மாத்திரை என்று விளம்பரம் செய்தார்கள். எழுதிக் கேட்டு வாங்கிய ஆயிரக்கணக்கான பெண்களின் முகவரிகளைச் சேர்த்துவைத்து, ‘கருவைக் கலைக்க முயன்றாய், பணம் அனுப்பாவிட்டால் வழக்கு’ என்று மிரட்டல் கடிதம் அனுப்பினார்கள். ஹாலோவே இப்படி எதுவும் செய்யவில்லை. ஆனால் ஏமாந்த பெண் வெளியே சொல்ல மாட்டாள் என்பதில்தான் இந்த வகை வியாபாரம் முழுவதுமே நின்றது.

இப்போது கேள்விக்கு வருவோம். பொய் சொல்லி ஈட்டிய பணம் பெண்கல்விக்குப் போனால், அந்தப் பொய் கழிந்துவிடுமா?

கழியும் என்பவர்கள் மூன்று காரணங்கள் சொல்வார்கள். மாத்திரையால் சிலருக்காவது வயிறு இளகி நிம்மதி கிடைத்தது என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் பேதி மருந்தைப் பேதி மருந்து என்று சொல்லியே விற்றிருக்கலாம். கட்டிக்கும் வலிப்புக்கும் மருந்து என்று சொன்னதற்கு இது பதிலாகாது.

எந்தப் பணம்தான் சுத்தம் என்பது இரண்டாவது. அடிமை வணிகம், அபினி, நிலவரி என்று பார்த்தால் அந்தக் காலச் செல்வம் எல்லாமே கறைபட்டதுதான். ஆனால் எல்லாவற்றிலும் கறை இருக்கிறது என்பது எந்தக் கறையையும் பார்க்காமல் இருக்க அனுமதி ஆகாது.

மூன்றாவதுதான் வலுவானது. பெண்களுக்கு அரசும் தரவில்லை, திருச்சபையும் தரவில்லை. இவராவது தந்தார் அல்லவா? இதற்குப் பதில் தேட வெளியே போக வேண்டாம். அந்தக் கல்லூரியின் ஓவியக்கூடத்திலேயே எட்வின் லாங் வரைந்த ‘பாபிலோனியத் திருமணச் சந்தை’ தொங்குகிறது. 1882இல் ஹாலோவே 6,300 கினி கொடுத்து வாங்கியது. ஏலத்துக்கு நிற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கதை ஹெரடோட்டஸ் எழுதியது: அழகான பெண்களை ஏலம் விட்டு வந்த பணத்தை, அழகில்லை என்று ஒதுக்கப்பட்ட பெண்களுக்குச் சீதனமாகக் கொடுத்தார்களாம். பாபிலோனியர் வழக்கங்களில் இதுவே மிகவும் விவேகமானது என்றார் அவர்.

கணக்கு நேர்தான். ஒருத்தியின் விலை இன்னொருத்தியின் வாழ்வானது. ஆனால் விற்கப்பட்டவளையும் யாரும் கேட்கவில்லை, வாங்கிக்கொண்டவளையும் யாரும் கேட்கவில்லை. கொடுத்தவர் என்ற பெயர் மட்டும் ஏலம் விட்டவருக்குப் போய்விட்டது.

எகம் கல்லூரியிலும் இதே கணக்குதான். நடுத்தர, மேல்நடுத்தர வர்க்கப் பெண்களுக்கே அது என்று நிறுவன ஆவணம் சொல்கிறது. மாத்திரை வாங்கியவர்களில் பலருடைய மகள்கள் அந்தப் படியில் கால்வைத்திருக்க முடியாது. பணம் சுற்றி வந்து பெண்களிடமே சேர்ந்தது என்று சொல்லி ஆறுதல்பட முடியாது. எந்தப் பெண்களிடமிருந்து எந்தப் பெண்களிடம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதோடு, ஏமாற்று பறிப்பது காசை மட்டுமல்ல. தன் உடம்பைப் பற்றித் தானே தெரிந்து முடிவெடுக்கும் உரிமையையும் பறிக்கிறது. எந்த அறக்கட்டளையாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

அப்படியென்றால் அங்கே படித்தவர்கள் படித்திருக்கக் கூடாதா? படிக்கத்தான் வேண்டும். படிக்காமல் விட்டிருந்தால் ஏமாந்த பெண்களுக்கு ஒரு பென்னிகூடத் திரும்பியிருக்காது. மாற வேண்டியது நன்றி போகும் திசை. கல்லூரி முற்றத்தில் ஹாலோவேயும் அவர் மனைவி ஜேனும் சிலையாக நிற்கிறார்கள். கட்டணம் கட்டியவர்களோ கல்கத்தாவிலும் லண்டனின் பின்தெருக்களிலும் மாத்திரையை விழுங்கிக் காத்திருந்தவர்கள். கொடையாளிகள் அவர்கள்தான்.

நம் ஊரிலும் கல்லூரி கட்டியவரைக் ‘கல்வித் தந்தை’ என்கிறோம். எந்தத் தொழிலில் வந்த பணம், யார் வயிற்றில் அடித்து வந்தது என்று நுழைவாயிலில் எழுதிவைப்பதில்லை. அதைக் கேட்பது நன்றிகெட்டதனம் என்று பெண்களுக்குக் கூடுதலாகவே சொல்லித்தரப்படுகிறது; படிக்கவைத்ததே பெரிது என்று.

படிப்பு பரிசு என்றால் வாய்மூடி வாங்கிக்கொள்ளலாம். அது வேறு பெண்கள் செலுத்திய கடன் என்றால் அடைக்க வேண்டும். பெயர் தெரியாத அந்தப் பெண்களிடம் அதை நேரில் அடைக்க முடியாது. ஆனால் மாதவிடாய்க்கும் குழந்தையின்மைக்கும் வெள்ளைப்படுதலுக்கும் சர்வரோக நிவாரணி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெளியே சொல்ல முடியாமல் வாங்கும் பெண்களும் இருக்கிறார்கள். படித்தவள் அவளைப் பார்த்துச் சிரிக்காமல், அவள் வெட்கப்படாமல் கேட்கக்கூடிய ஒரு இடத்தை உண்டாக்குவதுதான் அந்தக் கடனின் முதல் தவணை.