எழுதப்படாத ஏடுகள்

துன்பம் மாந்தர் யாவர்க்கும் பொது. ஆயின், எழுதி வைத்தவரின் துன்பமே உலகின் நினைவில் நிற்கிறது. எழுத இயலாதார் துன்பத்திற்கு யார் பொறுப்பு?

ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி, 1942 ஜூன் 12ஆம் நாள், தன் பதின்மூன்றாம் பிறந்தநாளில் நாட்குறிப்பேடு ஒன்றைப் பரிசாகப் பெற்றாள். அடுத்த மாதமே அவள் குடும்பம் நாஜிகளுக்கு அஞ்சி, ஆம்ஸ்டர்டாம் நகரில் தந்தையின் அலுவலகத்துப் பின்கட்டில் ஒளிந்தது. எண்மர் ஒடுங்கிய அவ்விடத்தில் ஈராண்டுக்கும் மேலாக அவள் எழுதினாள். தாயோடு கொண்ட பிணக்கும், எழுத்தாளராகும் கனவும் அதில் உண்டு. 1944 ஆகஸ்டில் அனைவரும் பிடிபட்டனர்; 1945 தொடக்கத்தில், பதினைந்தே வயதில், பெர்கன் பெல்சன் முகாமில் அவள் மாண்டாள். சிதறிய தாள்களைக் காத்தவர் மீப் கீஸ் என்னும் பெண்மணி. எண்மருள் எஞ்சிய ஒருவரான தந்தை ஓட்டோ, 1947இல் அவற்றை நூலாக்கினார். எழுதிய கைக்குக் காத்த கை துணைநின்றது.

அவள் எழுதிய அதே காலத்தில், ஜப்பானியர் ஆண்ட மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. காலராவும் பசியும் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாய் மாய்த்தன. அங்கிருந்த போர்க்கைதிகளுள் ஆஸ்திரேலிய மருத்துவர் டன்லப் போன்றோர் மறைவாக நாட்குறிப்பு எழுதினர். மாண்ட கைதிகளின் பெயர்கள் காஞ்சனபுரிக் கல்லறைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழருள் பெரும்பாலோர்க்கோ ஏடும் இல்லை, கல்லும் இல்லை.

அங்ஙனமாயின் அயல்நாட்டுச் சிறுமிக்காக நாம் கண்ணீர் விடுவது பிழையா? அன்று. இரக்கம் அளந்து பங்கிடும் பொருளன்று. ஒருத்தியின் ஏட்டில் கசிந்த நெஞ்சமே பெயரறியாப் பல்லாயிரவரையும் தேடிச் செல்லும்.

மாண்டார்க்கு ஏட்டால் என்ன பயன் என்பாரும் உளர். கொடியோர் உயிரைப் பறிப்பதோடு அமைவதில்லை. அப்படியொருவர் வாழ்ந்த சுவட்டையும் அழிக்கின்றனர். பெயரை எழுதி வைப்பது அவ்விரண்டாம் கொலையைத் தடுப்பதாகும். வீழ்ந்தாரின் பெயரும் பீடும் பொறித்து நடுகல் எடுத்த மரபினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுமோ?

நிபோங் திபால் போலத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் பயிலும் மாணவர் பலர்க்கு, சயாமுக்குப் போனவர் கதை பாட்டி சொன்ன கதையாகவேனும் எஞ்சியிருக்கலாம். ஆசிரியர் அதனை எழுதச் செய்தல் வேண்டும்: பெயர், தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுதல் வேண்டும். எழுதத் தெரிந்தார்க்கு எழுதாதார்பால் உள்ள கடன் அது.