மண்ணின் சம்ஸ்காரம்

சக்கரத்தை நாடாமல், பிசைந்த களிமண்ணை முரட்டுத் துணியின்மேல் இட்டு, இருபுறமும் ஒரே கனமுள்ள மரச்சட்டங்களை வைத்து, உருட்டுக்கட்டையால் அப்பளம்போலத் தேய்த்து, அந்த மண்தகட்டை அறுத்துத் தட்டு செய்கிற வழக்கம் புதுச்சேரிப் பக்கத்துப் பட்டறைகளில் உண்டு. பார்வைக்கு இதைவிட எளிய தொழில் இல்லை. ஆயினும், தேய்த்த தகட்டை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கலாகாது. தூக்கினால் அது தொய்ந்து வளைகிறது. வளைந்ததை உடனே கிடத்தி, உள்ளங்கையால் நீவி, மட்டம் பார்த்துச் சமமாக்கிவிட்டாலும், உலரும்போதோ, அதற்குத் தப்பினால் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூளையிலோ, தூக்கப்பட்ட அதே மூலை எழும்பிவிடுகிறது. (வாங்குகிறவர் அதைக் கைவேலையின் அழகென்று மெச்சுவது வேறு விஷயம்.) மண்ணின் தட்டையான நுண்துகள்கள் ஒருமுறை கொண்ட சாய்வை எளிதில் விடுவதில்லை, சுருங்கும்போது அச்சாய்வின்படியே சுருங்குகின்றன. மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்பார்கள் தொழிலறிந்தவர்கள்.

இதைக் கவிதையென்று ஒதுக்க என் மனம் இசையவில்லை. அன்னம்பட்டர் தர்க்கசங்கிரகம் என்னும் நியாய நூலில், பதிந்து தங்கும் குணமாகிய சம்ஸ்காரத்தை வேகம், பாவனை, ஸ்திதிஸ்தாபகம் என மூன்றாக வகுத்து, அனுபவத்தில் பிறந்து நினைவுக்குக் காரணமாகிற பாவனை ஆத்மாவை மட்டுமே சார்ந்தது என்றும், வளைத்த பாயைப் பழைய நிலைக்கு மீட்கிற ஸ்திதிஸ்தாபகம் மண்ணாகிய பிருதிவியைச் சார்ந்தது என்றும் வரம்பு கட்டினார். ஞாபகத்தையும் பாயின் மீள்தலையும் ஒரே குணத்தின் கிளைகளாகக் கண்ட துணிவு வியக்கத்தக்கதே. ஆனால் பாய் மீள்வது தன் இயல்புக்கு. களிமண் மீள்வதோ தனக்கு நேர்ந்த ஊறுக்கு. நேர்ந்ததைத் தாங்கி நிற்பதால், அது பாவனைக்கே நெருங்கிய உறவு.

பச்சாத்தாபத்தால் பாவம் தீருமா என்ற பழைய வினாவை இத்தட்டை முன்வைத்துக் கேட்கலாம். வருந்துகிறவனுடைய மனம் மெய்யாகவே தெளிந்திருக்கலாம். எனினும் கோபம் பழகிய நாவும் லோபம் பழகிய கையும், சோதனை வந்த கணத்தில், பழைய பக்கமே சாய்வதை யாரும் தம்மிடமே காணலாம். அறிவு அறியாத இடத்தில் வினை தழும்பாய்த் தங்கியிருக்கிறது. அதை நீவித் தீர்க்க முடியாதென்று அறிந்த குயவர், ஈரம் இருக்கும்போதே தகட்டைத் திருப்பிப் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக மறுபடி உருட்டி, இரு பலகைகளுக்கிடையே வைத்து மெதுவாக உலரவிடுகிறார். தீய நினைவுக்கு எதிர்நினைவைப் பழக்கும்படி பதஞ்சலி மனத்துக்கு விதித்த பிரதிபக்ஷ பாவனையை இவர் கையால் செய்கிறார் என்னலாம். விரதத்தையும் நியமத்தையும் வெறும் சடங்கென்று இகழ்ந்து, உள்ளம் உருகினால் போதும் என்று உபதேசிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவில்லை. பாவனை ஆத்மாவுக்கு மட்டுமே உரியது என்ற வரம்பைப் பொறுத்தமட்டிலும், அன்னம்பட்டரைவிடக் குயவரின் சாட்சியமே எனக்கு வலிதாகத் தோன்றுகிறது.