வேடமும் வீடும்

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில், மேசையைச் சுற்றி அமர்வோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்கின்றனர். வீட்டுத் துன்பத்தை மறக்க அதனை நாடுவோரும் உளர். இது கோழைத்தனமா?

மலையகத்தார்க்கு இக்கேள்வி புதிதன்று. மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து ஆடப்படுகிறது. பகலில் கவ்வாத்து வெட்டியவன் இரவில் மன்மதனாகிறான். இன்னொருவன் ரதியாகி, எரிந்துபோன கணவனுக்காகக் கதறுகிறான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களின் கூத்து இது.

லயத்துக் காம்பராவில் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். அங்கே ஓர் ஆண்மகன் வாய்விட்டு அழ இடமேது? ரதியின் பெயரால் அழலாம். துயரை மறக்கத் தரித்த வேடமே துயருக்கு வாயுமாகிறது.

ஆயினும் கூத்து காம்பராவை அகலமாக்குவதில்லை. வேடம் கலைந்தபின் வீட்டாரை முன்னிலும் கனிவோடு நோக்குபவன் இளைப்பாறியவன். நோக்க மறுப்பவன் அவர்களைத் துன்பத்தோடு தனியே விட்டவன். எல்லை இங்கேதான்.

எனவே, பிள்ளையொன்று விளையாட்டில் மூழ்கிக் கிடந்தால், அதைப் பறிக்குமுன் வீட்டில் அதற்கு எது தாங்கமுடியாததாயிற்று என்று கேட்பதே பெரியோர் கடமை. அக்கேள்விக்கு அஞ்சுபவரே உண்மையில் தப்பியோடுபவர்.