வளர்த்தவளின் பற்று

பற்றை ஒழிப்பதே வீடுபேற்றுக்கு வழி என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, பற்று என்ற சொல்லையே சற்றுச் சந்தேகத்தோடு நோக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஆயினும், பற்றிக்கொள்ள ஒரு கரம் வாய்க்காமல் ஓர் இல்லத்திலிருந்து மற்றோர் இல்லத்துக்கு மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கும் ஒரு குழந்தையை நினைக்கும்போது, இந்த உபதேசம் யாருக்காக, எந்தப் பருவத்துக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

பெற்றோரால் பேண முடியாத குழந்தைகளை அரசின் பொறுப்பில் ஏற்று, பிறிதொரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுக்கும் ஏற்பாடு இங்கிலாந்தில் நெடுநாளாக உண்டு. 1945 ஜனவரியில், அவ்வாறு ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் விடப்பட்டிருந்த 12 வயதுச் சிறுவன் அடியாலும் பட்டினியாலும் மாண்டுபோக, தேசமே திடுக்கிட்டது. மறு ஆண்டு மைரா கர்ட்டிஸ் அம்மையாரின் குழு தந்த அறிக்கையின் பயனாக 1948-இல் குழந்தைகள் சட்டம் பிறந்தது. பின்னர் 1951-இல், உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக ஜான் பௌல்பி என்ற மனோதத்துவ வைத்தியர் எழுதிய அறிக்கை, தாயோ தாயின் ஸ்தானத்தில் நிற்கும் ஒருத்தியோ இடையறாது காட்டும் அன்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்பதை வற்புறுத்தியது. இவ்வளவுக்குப் பின்னரும், அந்நாட்டில் அரசின் பொறுப்பிலுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஒரே வருஷத்துக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் வாழ நேர்கிறது. தன் துணிமணியும் பொம்மையும் குப்பை போடும் கறுப்புப் பையில் திணிக்கப்பட்டு, காரின் பின்னிருக்கையில் அமர்ந்து, இன்றிரவு தன்னை யார் தூங்க வைப்பார்கள் என்று அறியாமல் போகும் குழந்தைக்கு நாம் பற்றறுதியைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

இந்த இடப்பெயர்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நெஞ்சின் ஆழத்தில் இருப்பது. என்றோ ஒரு நாள் பிரியப்போகிற பிள்ளை என்று அறிந்த வளர்ப்புத் தாய், அந்த நாளின் வேதனைக்கு அஞ்சி, சோறும் துணியும் குறைவறக் கொடுத்தும், நெஞ்சில் ஒரு பங்கைப் பூட்டி வைத்துக்கொள்கிறாள். குழந்தையோ அந்தப் பூட்டைப் பத்தே நாளில் கண்டுபிடித்துவிடுகிறது. முன்னரே இரண்டு மூன்று வீடுகளை இழந்த பிள்ளை, எப்படியும் அனுப்பத்தானே போகிறாய் என்று கேட்பதைப்போல, பாத்திரத்தை உடைக்கிறது, பொய் சொல்கிறது, இரவில் படுக்கையை நனைக்கிறது. வீட்டார் மனம் சலித்து, வேறு இடம் பாருங்கள் என்று அதிகாரிக்குச் சொல்லியனுப்புகிறார்கள்.

வளர்ப்பவள் பூட்டி வைத்த அந்தப் பங்கைத் துறவு என்று சொல்லலாமா? கூடாது என்பதே என் துணிபு. கீதை துறக்கச் சொல்வது கர்மத்தின் பலனை; கர்மத்தையன்று. வளர்ப்பவளுக்கு அன்பு செய்தலே கர்மம். அந்தக் குழந்தை என்றென்றும் தன்னுடையதாகவே இருத்தல் அதன் பலன். பலனுக்கு உரிமை கோராமல் கர்மத்தை முழுமையாகச் செய்வது யோகம்; பலன் கிட்டாது என்பதற்காகக் கர்மத்தையே அளந்து செய்வது வியாபாரம். இது சொல்வதற்கு எளிது. பிரியும் நாளில் அந்த மாதரசியின் நெஞ்சு படும் பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், துறக்க வேண்டியவள் அவளே. ஊன்றிக்கொள்ள ஒரு நிலமே காணாத பாலகனுக்குத் துறவை விதித்த சாஸ்திரம் எதுவும் இல்லை.

பாரத யுத்தத்துக்கு முன் கண்ணன் கர்ணனைத் தனியே அழைத்து, நீ குந்தியின் மகன், பாண்டவர்க்கு மூத்தவன், ராஜ்யம் உனக்கே உரியது என்று சொன்னபோது, கர்ணன் விடையாக எடுத்துரைத்தது, தன்னை வளர்த்த ராதை என்னும் தேரோட்டி மனைவி தன்மேல் கொண்ட அன்பால் அவள் மார்பில் பால் சுரந்ததையும், தன் மலஜலத்தை அவள் அருவருக்காது அள்ளியதையுமே. ஒரு சாம்ராஜ்யத்தை விலக்கும் வலிமையை அவனுக்கு அளித்தது அந்த வீட்டில் அவன் பெற்ற நிலைபேறு.

இவ்வளவு அன்பை ஒருத்தியிடம் எதிர்பார்க்கும் சமூகம், அவளைத் தனியே விட்டுவிடுதல் அதர்மம். குழந்தையின் பூர்வ கதையை மறைத்து, அவசரத்தில் கிடைத்த வீட்டில் விட்டுச்செல்வதும், நள்ளிரவில் அது வீறிட்டு அழும்போது யோசனை கேட்க ஓர் ஆள்கூட அவளுக்கு இல்லாதபடி செய்வதும், உடன்பிறந்தாரைப் பிரித்து வைப்பதும் நடந்துகொண்டே இருக்க, வீடு நிலைக்கவில்லையே என்று வியப்பதில் நியாயம் இல்லை. பாட்டி, சித்தி, மாமன் வீடுகளில் வைக்கப்படும் குழந்தைகள் அந்நியர் வீடுகளில் வைக்கப்படுபவர்களைவிட நிலைத்திருக்கிறார்கள் என்று பல ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. நம் பாட்டிமார் கேட்டால் இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். நம் தேசத்திலும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடம் தந்திருக்கிறது. வளர்த்த குடும்பமே குழந்தையைத் தத்தெடுக்க 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றிருந்ததை, 2024-இல் வந்த வழிகாட்டு நெறிகள் 2 ஆண்டுகளாகக் குறைத்தன. நல்ல மாறுதல். எனினும், பெற்றவரிடமே திரும்பத் தக்க குழந்தைகளும் உண்டு. அவர்கள் திரும்பும்போது, வளர்த்த வீட்டை மறந்தால்தான் பெற்ற வீட்டில் ஒட்டுவார்கள் என்ற எண்ணம் நெடுங்காலம் கோலோச்சிற்று.

பாகவதம் அப்படி எண்ணவில்லை. அக்ரூரன் தேரோடு வந்து கண்ணனை வடமதுரைக்கு அழைத்துச் சென்றபின் பல வருஷங்கள் கழித்து, சூரிய கிரகணத்தன்று குருக்ஷேத்திரத்தில் வளர்த்தவர்களான நந்தனும் யசோதையும் அவனைக் காண்கிறார்கள். அவன் அவர்களைத் தழுவிக்கொண்டு, கண்ணீரால் தொண்டை அடைக்க, பேசமுடியாமல் நிற்கிறான். அப்போது பெற்றவளான தேவகி, ரோகிணியோடு வந்து யசோதையைக் கட்டித் தழுவி, நீ செய்த உபகாரத்துக்கு இந்திர பதவியைக் கொடுத்தாலும் ஈடாகாது என்ற கருத்துப்படச் சொல்கிறாள். மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.